அடைப்புக்குறிக்குப் பெயர் வந்த வரலாறு

நீண்டதோர் எழுத்துத் தொடரினுள் குறித்த அமைப்புடைய பகுதியைத் தேடுவதற்குக் கணினித் துறையினர் கையாளும் குறியீடு ஒழுங்குக் கோவை எனப்படும். ‘றெஜெக்ஸ்’ என்பது அதன் வழக்குப் பெயர். அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்ரீபன் கிளீனி 1951இல் நரம்பு வலைகளைப் பற்றி எழுதிய அறிக்கையிற் பிறந்த இக்கருத்தை, 1968இல் கென் தொம்சன் கணினியின் தேடல் முறையாக்கினார்.

தேடிக் கண்டதோடு வேலை முடிவதில்லை. கண்டதைக் கூறுபடுத்தி எடுத்தலும் வேண்டும். யுனிக்ஸ் முறைமையின் ‘எட்’ என்னும் தொகுப்பியில், வேண்டிய கூற்றை அடைப்புக்குறிக்குள் இட்டு, பின்னர் \1, \2 என எண்ணால் மீட்டனர். திறக்கும் அடைப்புக்குறிகளை இடமிருந்து வலமாக எண்ணுவதே கணக்கு. 1987இல் லரி வோல் வெளியிட்ட பேர்ள் மொழியும் $1, $2 என இம்மரபையே தொடர்ந்தது.

இதன் தீங்கு சிறிய நிரலிற் புலப்படாது. 05/06/1985 என்ற திகதியை நாள், மாதம், ஆண்டு எனப் பிரிக்கும் கோவையொன்றைக் கருதுவோம். சில ஆண்டுகளின் பின் வேறொருவர், திகதிக்கு முன்னுள்ள மணியையும் எடுக்க விரும்பி, முன்னே அடைப்புக்குறியொன்றைச் சேர்க்கிறார். அக்கணமே ஏழு மணி ஏழாந் திகதியாகிறது; ஐந்தாந் திகதி மே மாதமாகிறது; யூன் மாதமோ ஆண்டாகிவிடுகிறது. எல்லாம் எண்களே ஆதலின் கணினி வாய் திறவாது. பிழை கூறி நின்றுவிடும் நிரலினும், பிழையான விடையை அமைதியாகத் தரும் நிரலே அஞ்சத்தக்கது.

1994இல் வந்த பேர்ள் 5 ஒரு வழியைத் திறந்தது. அடைப்புக்குறி திறந்தவுடன் வினாக்குறி வருதல் அதுவரை இலக்கணப் பிழை. பிழையானதை எவரும் எழுதி வைத்திரார். ஆகவே பழைய கோவைகளைக் கெடுக்காது அவ்விடத்திற் புதுப்பொருள் ஏற்றலாயிற்று. பெயர் குடியேறியதும் அங்கேதான். கைடோ வான் றொசம் ஆக்கிய பைதன் மொழியின் பழைய தொகுதியொன்றில் ‘சிம்கோம்ப்’ என்றொரு முன்னோடி இருந்தது. 1997 முடிந்து 1998 பிறக்குந் தறுவாயில் வெளிவந்த பைதன் 1.5 அதனைச் செம்மைப்படுத்தியது: வினாக்குறியை அடுத்துப் ‘பீ’ என்னும் ஆங்கில எழுத்து, அதன்பின் கோண அடைப்பினுள் பெயர். அந்தப் ‘பீ’ இது பைதனின் தனி விரிவு எனக் காட்டுவது. பேர்ளின் வருங்கால விரிவுகளோடு மோதாதிருக்க இட்டது. அயலவர் வளவிற் கொட்டில் போடுபவன் தன் எல்லையைத் தானே அடைத்துக்கொண்டது போன்ற அடக்கம் இது. இனி ‘குறூப்’ என்ற செயலிடம் ‘மாதம்’ என்றாற் போதும். முன்னே எத்தனை அடைப்புக்குறிகள் சேர்ந்தாலும் மாதமே வரும்.

2002இல் மைக்குறோசொப்டின் டொட்நெற் அந்தப் ‘பீ’யைக் கைவிட்டது. 2007இல் பேர்ள் 5.10 இரு வடிவங்களையும் ஏற்றது. ஜாவா 2011இலும் ஜாவாஸ்கிறிப்ட் 2018இலும் சேர்ந்துகொண்டன. எண்கள் மட்டும் ஒழிந்தபாடில்லை. பெயருடைய கூறுகளையும் வரிசையிலேயே எண்ணுகிறது பேர்ள். பெயரற்றவற்றை முதலில் எண்ணிப் பெயருடையவற்றைப் பின்தள்ளுகிறது டொட்நெற். ஒரே கோவை இரு மொழிகளில் இரு வேறு எண்களைத் தருமாயின், எண்ணை நம்புவது எங்ஙனம்?

பெயர் எந்த மொழியிலும் அமையலாமா எனின், அதுவும் இடத்துக்கு இடம் வேறுபடும். ஜாவா ஆங்கில எழுத்துகளையும் இலக்கங்களையும் மட்டுமே ஏற்கும். பைதன் 3இலோ ‘ஆண்டு’ என்று தமிழிலேயே எழுதி, அப்பெயராலேயே மீட்கலாம்.