பதினைந்து மீட்டர் நியாயம்

இன்ஜின் இல்லாத விமானங்களின் பந்தயத்தில் ஜெயிப்பது ஆளா, கிளைடரா? ஜெர்மனியின் ரோன் மலைப்பகுதியில் வாஸர்குப்பே குன்றின் மேல் 1920-இல் ஓஸ்கார் உர்சினுஸ் முதல் போட்டியைக் கூட்டியபோது இந்தக் கேள்வி உறைக்கவில்லை. பெரும்பாலும் தட்டிக்கொட்டிச் செய்தவர்களே ஏறிப் பறந்தார்கள். 1937-இல் அதே குன்றில் பல நாடுகள் கலந்துகொண்ட போட்டியில் ஹைனி டிட்மார் வென்றார். அவர் ஓட்டிய ஃபாஃப்னிர்-2 கிளைடரின் இறக்கை 19 மீட்டர். இறக்கை நீள நீளக் கீழிறக்கம் குறையும், செலவு ஏறும். காசுள்ளவன் கை ஓங்கியது.

இதைச் சரிக்கட்ட இரண்டே வழிதான். எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளைடர் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அவரவர் கிளைடரின் வித்தியாசத்தைக் கணக்கில் கழிக்கலாம். இந்த விளையாட்டு முதல் வழியைத்தான் பலமுறை முயன்று பார்த்தது.

முதல் முயற்சி ஒலிம்பிக்குக்காக. 1940 ஒலிம்பிக்கில் கிளைடர் பந்தயம் சேர்க்கப்படுவதாக இருந்தது. 1939-இல் இத்தாலியின் செஸ்ஸேயில் மாதிரிகளைப் பறக்கவிட்டுப் பார்த்து, ஹான்ஸ் யாகோப்ஸ் வடிவமைத்த 'மைஸே'யைத் தேர்ந்தெடுத்தார்கள். இறக்கை 15 மீட்டர், மரம், இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் ஃப்ளாப் கிடையாது. எல்லா நாட்டு வீரர்களும் இதில்தான் பறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. போர் வந்தது, ஒலிம்பிக் நின்றது. ஆனால் 15 மீட்டர் என்ற அளவு மட்டும் நிலைத்துவிட்டது.

1958-இல் போலந்தின் லெஷ்னோவில் நடந்த உலகப் போட்டியில் 'ஸ்டாண்டர்டு' பிரிவு பிறந்தது. 15 மீட்டர் இறக்கை, மடக்க முடியாத சக்கரம், ஃப்ளாப் இல்லை. சாதாரண கிளப்பும் வாங்கக்கூடிய கிளைடர் வேண்டும் என்பதே நோக்கம். அந்த ஆண்டின் சிறந்த ஸ்டாண்டர்டு வடிவமைப்புக்கான பரிசு ருடால்ஃப் கைஸரின் கா-6 என்ற மரக் கிளைடருக்குக் கிடைத்தது. 1960-இலும் 1963-இலும் ஹைன்ஸ் ஹூத் அதில்தான் உலகப் பட்டம் வென்றார். அதுவரை நோக்கம் நிறைவேறியது என்றே சொல்ல வேண்டும்.

பிறகு ஃபைபர் கிளாஸ் வந்தது. இறக்கை நீளத்துக்குத்தான் விதி. அதன் வழவழப்புக்கு விதி இல்லை. பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கும் கதைதான். 1970-இல் டெக்சாஸின் மார்ஃபாவில் ஹெல்முட் ரைஹ்மன் எல்.எஸ்-1 கிளைடரில் வென்றபோது, மரக் கிளைடர்களின் காலம் உச்சப் போட்டியில் முடிந்திருந்தது. அடுத்த சண்டை ஃப்ளாப்புக்கு; அதற்கிருந்த தடை இடையில் தளர்ந்திருந்தது. 1976-இல் பின்லாந்தின் ரைஸ்கலாவில் ஃப்ளாப் வைத்த பிக்-20பி-யில் இங்கோ ரென்னர் ஸ்டாண்டர்டு பட்டம் வாங்கினார். தீர்ப்பு என்ன தெரியுமா? பிரிவையே இரண்டாக்கினார்கள். ஃப்ளாப் இல்லாதது ஸ்டாண்டர்டு. இருப்பது 15 மீட்டர் பிரிவு.

இன்றைய ஸ்டாண்டர்டு பிரிவில் தண்ணீர் ஏற்றலாம். கனம் கூடினால் சறுக்கும் வேகம் கூடும். உச்சவரம்பு 525 கிலோ. போட்டிக் காலையில் தராசருகே நிற்பது எங்கள் கிளப்பில் என் வேலை. காரில் கட்டி இழுத்து வந்த கிளைடரை மேடையில் ஏற்றுவோம். முள் 531 காட்டும். "ஆறு கிலோவுக்கா சார் இவ்வளவு?" என்பார் விமானி. பதில் சொல்ல மாட்டேன். வால்வைத் திறப்பார், தண்ணீர் புல்லில் ஓடும், 525-க்கு வந்ததும் மூடிவிட்டு முறைத்தபடியே போவார். மலிவு கிளைடருக்காக உண்டான பிரிவில் இன்று கிலோ கிலோவாகக் கணக்குப் பார்க்கிறோம்.

ஒரே கிளைடர் என்ற யோசனை மறுபடி 1990-களில் எழுந்தது. வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பி.டபிள்யூ-5 தேர்வானது, 1997-இல் துருக்கியின் இனோனூவில் அதற்கென்றே உலகப் போட்டி நடந்தது. ஆனால் கையில் காசு வைத்திருந்தவர்கள் விவரமானவர்கள். அதே காசுக்கு இதைவிடத் தூரம் சறுக்கும் பழைய ஃபைபர் கிளைடர் கிடைக்கும்போது இது எதற்கு என்றார்கள். அந்தப் பிரிவு தேய்ந்து மறைந்தது.

கடைசியில் பழைய கிளைடர்களைக் காப்பாற்றியது இரண்டாம் வழியான ஹேண்டிகேப்தான். ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியல் போட்டுவிடுவார்கள். எண் 80 உள்ள கிளைடர் 72 கி.மீ. வேகத்தில் பந்தயத்தை முடித்தால் அது 90-ஆகக் கணக்காகும். எண் 100 உள்ளது 88-இல் முடித்தால் 88 தான். மெதுவாக வந்தவர் ஜெயித்துவிட்டார். தேசியப் போட்டிகளில் பழகிய இந்த முறையில், தண்ணீர் ஏற்றத் தடையோடு, 2001-இல் ஆஸ்திரேலியாவின் காலரில் கிளப் பிரிவு உலகப் போட்டி நடந்தது. ஸ்டாண்டர்டு சிர்ரஸ், லிபெல்லே போன்ற பழைய கிளைடர்கள் எல்லாம் மறுபடி உலக அரங்கில் ஏறின.

இதிலும் ஓட்டை உண்டு. எண் ஒன்று, வானிலையோ பல. காற்றில்லாத நாளில் 80 கி.மீ. வேகக் கிளைடர், 110 கி.மீ. வேகக் கிளைடரின் வேகத்தில் 73 சதவீதம் எட்டும். எதிர்காற்று 30 கி.மீ. அடித்தால் முன்னது 50, பின்னது 80; விகிதம் 63-க்குக் கீழே போய்விடும். பட்டியலில் உள்ள எண்ணோ மாறாது. காற்றடிக்கும் காலையில் மரக் கிளைடர்க்காரர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆனாலும் நான் பட்டியலின் பக்கம்தான். பிரிவு விதியின் ஓட்டையை அடைக்கப் புதிய கிளைடர் வாங்க வேண்டும். பட்டியலின் ஓட்டையை அடைக்க ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். முதலாவது பணக்காரர்களால் முடியும். இரண்டாவதற்காக யார் வேண்டுமானாலும் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போடலாம்.