வீட்டில் பழகிய கணக்கு: திருவிதாங்கூர் அலுவலக எழுத்தர்களின் பயிற்சி குறித்துச் சில குறிப்புகள்

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் எட்டுக் காட்சிக்கூடங்களில் ஒன்று ஆட்சி நிர்வாகத்துக்கும், மற்றொன்று பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்களுக்கும் உரியது. கேரள ஆவணக் காப்பகத் துறையின் பொறுப்பில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓலைகள் உள்ளன. இவற்றில் பெரும்பகுதி அலுவலக எழுத்து. நிலத்தின் எல்லை, பாட்டம், நெல் வரவு, கோயில் செலவு, அரசரின் நீட்டு ஆகியவையே இவற்றின் பொருள்.

இந்த ஓலைகளைக் கொண்டு அரசர்களின் வரலாறும் நிலவுடைமையின் வரலாறும் எழுதப்பட்டுள்ளன. இவற்றை எழுதியவர்கள் அத்தொழிலை எங்கே கற்றார்கள் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. எழுத்தர்களுக்கென்று தனிக் கல்லூரி எதுவும் அன்று இருக்கவில்லை. அவர்களுடைய பயிற்சிக்கூடம் பெரும்பாலும் வீடுதான்.

திருவிதாங்கூரின் அலுவலகச் சொற்களே ஒரு படிநிலையைக் காட்டுகின்றன. அரசாணையை எழுதுபவர் நீட்டெழுத்து. ஊரளவில் கணக்குப்பிள்ளை. கச்சேரியில் கணக்குக்குத் தலைமை வகிப்பவர் சம்பிரதி. கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பவர் ராயசம். கணக்கு என்ற சொல் பதவிப்பெயராக இருந்ததோடு அரசர் அளிக்கும் பட்டமாகவும் பெயருக்கு முன்னால் நின்றது. எழுத்தும் எண்ணும் கைவந்த குடும்பத்துக்கு அத்தகைய மதிப்பு இருந்தது.

பயிற்சியின் முதற்படி எழுத்தாசானிடம் தொடங்கும். மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவன் பின்னர் ஓலையும் எழுத்தாணியும் பிடிப்பான். எண்சுவடி மனப்பாடமாகும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, மா 20இல் ஒரு பங்கு, மாகாணி 16இல் ஒரு பங்கு என்ற கீழ்வாய் இலக்கம் நாவில் நிற்க வேண்டும். திருவிதாங்கூர் நாணய முறையும் எளிதன்று. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஐந்து ரூபாயைச் சக்கரமாக்கினால் 140, காசாக்கினால் 2,240. இத்தகைய மாற்றங்களை மனத்தாலேயே செய்ய வேண்டியிருந்தது.

ஆயினும் ஆசானின் திண்ணை கற்பித்தது அடிப்படையை மட்டுமே. அலுவலகத்துக்குரிய கல்வி வீட்டுக்குள் நிகழ்ந்தது. திருவிதாங்கூர் ஆவணங்களில் வட்டெழுத்து, அதன் வழிவந்த கோலெழுத்து, மலையாண்மை ஆகிய எழுத்துமுறைகள் வழங்கின. ஆண்டு கொல்லம் ஆண்டில் குறிக்கப்பட்டது. பத்துக்கும் நூறுக்கும் தனிக்குறிகள் இருந்தன. தமிழும் மலையாளமும் கலந்த வாசகம், அளவைகளின் சுருக்கக் குறிகள், ஒவ்வோர் ஆவண வகைக்கும் உரிய தொடக்கமும் முடிப்பும் எந்தப் பாடநூலிலும் ஒருசேர இல்லை. மூத்தவர் எழுதும்போது அருகிலிருந்து பார்த்தும், பழைய ஓலையைப் பார்த்துப் படியெடுத்தும், பிழை திருத்தப்பட்டுமே இளையவர் கற்றார். மருமக்கள் வழி நிலவிய குடும்பங்களில் இந்த அறிவு, சொத்தைப் போலவே, மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்றது.

வீடே காப்பகமாகவும் இருந்ததற்கு நாஞ்சில் நாட்டு முதலியார் ஓலைகள் சான்று. அழகியபாண்டியபுரத்து முதலியார் குடும்பம் தலைமுறைகளாக நிர்வாகப் பொறுப்பு வகித்தது. அவ்வீட்டில் தங்கிய ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தார், பின்னர் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். அரசின் ஆவணமும் குடும்பத்தின் ஆவணமும் ஒரே கூரையின்கீழ் இருந்ததால், புதிய தலைமுறையின் பாடப்பொருளும் அங்கேயே கிடைத்தது.

இம்முறையின் மறுபக்கம் வெளிப்படையானது. வீட்டில் கற்பிக்கப்படும் தொழில் அவ்வீட்டில் பிறவாதவருக்குக் கிட்டாது. 1817இல் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டார். மக்கள் நல்ல குடிகளாகவும் நல்ல அரசு ஊழியர்களாகவும் ஆவதை அவ்வாணை தன் நோக்கங்களுள் சேர்த்திருந்தது. வீட்டின் எல்லைக்கு வெளியே ஊழியரை உருவாக்கும் எண்ணம் அங்கே தெளிவாக ஒலிக்கிறது. 1834இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தோன்றி, 1866இல் கல்லூரியாக வளர்ந்தது. எனினும் பள்ளிக்குள் நுழையவே பல சாதியினர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

பயிற்சி வீட்டைவிட்டு வெளியேறிய பின்னும் வீட்டின் பங்கு குறைந்துவிடவில்லை. அண்டைச் சென்னை மாகாணத்தில் உமேதுவார் என்ற நிலை இருந்தது. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஊதியமின்றிக் கச்சேரியில் எழுதிப் பழகுபவர் உமேதுவார். அக்காலம் முழுவதும் அவருக்குச் சோறிட்டது குடும்பம். அந்த வசதி இல்லாதவர் திறமை இருந்தும் வாசலிலேயே நின்றார்.

இதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் வீட்டுக்கல்வி வேறொரு வடிவம் எடுத்தது. 1837இல் தம் சுருக்கெழுத்து முறையை வெளியிட்ட ஐசக் பிட்மன், 1840இல் ஒரு பென்னி அஞ்சல் அறிமுகமானதும் அஞ்சல்வழிப் பாடம் நடத்தத் தொடங்கினார். மாணவர் வீட்டிலிருந்தே எழுதி அனுப்புவார். அது திருத்தப்பட்டுத் திரும்பிவரும். ஆசிரியருக்கும் மாணவருக்கும் உறவுமுறை எதுவும் தேவைப்படவில்லை. நாஞ்சில் நாட்டு மருமகனும் பிட்மனின் மாணவரும் வீட்டிலிருந்தே கற்றனர். முன்னவருக்குப் பிறப்பு தகுதியாயிற்று. பின்னவருக்கு அஞ்சல்தலை போதுமானதாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் கதவைத் திறக்க மனுக்கள் தேவைப்பட்டன. உயர்பதவிகளில் வெளியூர்ப் பிராமணர் நிறைந்திருப்பதை எதிர்த்து 1891இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல் அரசரிடம் அளிக்கப்பட்டது. 1896இல் மருத்துவர் பல்பு 13,176 பேரின் கையெழுத்துடன் ஈழவ மெமோரியலை அளித்தார். மருத்துவம் பயின்றும் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு மைசூரில் பணியாற்றியவர் அவர். அரசுப் பள்ளியும் அரசுப் பணியும் தம் மக்களுக்கும் வேண்டும் என்பதே மனுவின் சாரம். 1930களின் நிவர்த்தனப் போராட்டத்துக்குப் பின், 1936இல் ஜி.டி. நோக்ஸ் திருவிதாங்கூரின் முதல் பொதுப்பணி ஆணையரானார். குடும்பத்தின் பரிந்துரை இருந்த இடத்தில் தேர்வு அமர்ந்தது.

இது நீதி, இதில் ஐயமில்லை. ஆனால் இம்மாற்றத்தில் ஓர் அறிவு கைமாறாமல் நின்றுவிட்டது. பள்ளியும் அச்சும் ஆரிய எழுத்தைப் பரப்பின. ஓலையின் இடத்தைக் காகிதம் பிடித்தது. மலையாண்மை எழுத்தும் பழைய கணக்குக் குறிகளும் எந்தப் பாடத்திட்டத்திலும் சேரவில்லை. வீடுகளும் அவற்றைக் கற்பிப்பதை நிறுத்தின. அவற்றால் இனி வேலை கிடைக்காது. ஹுசூர் அலுவலகத்தில் வருவாய்த் துறைப் பதவி வகித்த பெ. சுந்தரம் பிள்ளை, பின்னர் பேராசிரியராக இருந்தபோது வட்டெழுத்துக் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, 1894இல் திருவிதாங்கூரின் தொல்லரசர் பற்றிய நூலை வெளியிட்டார். முன்பு எழுத்தர் வீட்டுச் சிறுவன் பழகிய எழுத்து, அறிஞர் ஒருவர் தனியே முயன்று கற்க வேண்டிய ஆய்வுப் பொருளாக மாறிவந்ததை இது காட்டுகிறது.

இன்று அதே நகரில் எண்ணற்ற இளைஞர்கள் வீட்டிலிருந்தபடியே எழுத்தர் பணித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவர்களுள் 1896இல் மனுக் கொடுத்தவர்களின் கொள்ளுப்பேரர்களும் இருக்கக்கூடும். கோட்டைக் காப்பகத்து ஓலைகளில் உள்ள நில உரிமையும் கட்டாய உழைப்பும் வரியும் அவர்களுடைய முன்னோரின் வரலாறும்தான். அதைப் படிக்கத் தேவையான எழுத்துப்பயிற்சி ஒருகாலத்தில் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. இன்று பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை. மொழியியல், வரலாற்றுத் துறைகளின் முதுகலைப் பாடத்திட்டத்தில் மலையாண்மைக்கும் ஆவணக் கணக்குமுறைக்கும் ஒரு பருவத் தாள் ஒதுக்குவது பெரிய செலவன்று. அந்தப் பயிற்சியை எவரும் சேரக்கூடிய வகுப்பறைக்குக் கொண்டுவந்தால், 1817இன் ஆணை தொடங்கிவைத்த பணியில் விடுபட்ட ஒரு பகுதி நிறைவேறும்.