ஆவணப் பொருள் மாதிரி

இணையப் பக்கம் ஒன்றைப் படிக்கும் உலாவி, அதைத் தன் நினைவகத்தில் ஒரு மரமாகக் கட்டிக்கொள்கிறது. அந்த மரமும், நிரல்கள் அதைத் தொட்டு மாற்றுவதற்கான விதிகளும் சேர்ந்ததே ஆவணப் பொருள் மாதிரி. கணினிக்காரர் வாயில் வெறும் 'டொம்'. தலைப்பு, பத்தி, படம், அட்டவணை ஒவ்வொன்றும் மரத்தில் ஒரு கணு. பத்திக்குள் இருக்கும் எழுத்துகள் நுனியில் தனி உரைக்கணுவாக நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் சேவையகத்தில் கிடக்கும் மூலக்கோப்பைத் தொடுவதில்லை. மரத்தில் ஒரு கணுவை வெட்டும், ஒட்டும், இடம் மாற்றும். அதற்கேற்ப உலாவி திரையைத் திரும்ப வரையும். பக்கத்தைப் புதுப்பித்தால் செய்த மாற்றமெல்லாம் போய்விடும்.

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். 1996இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2, படிவங்களையும் தொடுப்புகளையும் மட்டுமே நிரலின் கைக்குக் கொடுத்தது. நிரப்பாமல் விட்ட பெட்டியைச் சுட்டிக்காட்டலாம், அவ்வளவுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மூன்றாம் பதிப்பு படங்களையும் சேர்த்துக்கொண்டது. சுட்டி மேலே வந்தால் பொத்தான் நிறம் மாறும் வித்தை உலகெங்கும் பரவியது. எந்த ஏட்டிலும் எழுதிவைக்கப்படாத இந்த நிலைக்குப் பிற்பாடு 'பூச்சிய நிலை' என்று பெயர் வைத்தார்கள்.

1997இல் போர் மூண்டது. நெட்ஸ்கேப் 4 பக்கத்தை அடுக்குகளாகப் பார்த்தது. மைக்ரோசொப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, பக்கத்தின் எல்லா உறுப்புகளையும் 'டொக்கியுமென்ட்.ஓல்' என்ற ஒரே தொகுப்பில் திறந்துவிட்டது. மைக்ரோசொப்டின் வழியே ஆழமானது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அது ஒரு கம்பனியின் சொத்து. பக்கம் செய்பவர்கள் ஒரே வேலைக்கு இரண்டு நிரல் எழுதினார்கள். இரண்டு உலாவியும் நிகழ்வுகளைக் கையாண்ட விதத்திலும் எதிரும் புதிருமாக நின்றன. இலங்கை மலையகத்தின் பூண்டுலோயா போன்ற தேயிலைத் தோட்டப் பகுதியில் இதை விளக்குவது எளிது. துரையின் உத்தரவு கணக்கப்பிள்ளை, கங்காணி வழியாக நிரையில் நிற்பவரிடம் இறங்குவது நெட்ஸ்கேப் வழி; நிரையில் எழும் முறைப்பாடு கங்காணி, கணக்கப்பிள்ளை என்று மேலே ஏறுவது மைக்ரோசொப்ட் வழி. சமரசமாக வந்த தரநிலை இரண்டையும் ஏற்றது: சொடுக்கு முதலில் மேலிருந்து கீழிறங்கும், பிறகு கீழிருந்து மேலேறும்.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1998 ஒக்டோபர் 1 அன்று டொம் முதல் நிலையையும், 2000 நவம்பரில் இரண்டாம் நிலையையும், 2004 ஏப்ரலில் மூன்றாம் நிலையின் மையப் பகுதியையும் வெளியிட்டது. ஜாவா உட்பட எந்த மொழியிலிருந்தும் இயக்க வேண்டும் என்று வடிவமைத்ததால் கட்டளைகள் நீண்டு வளர்ந்தன. ஒரு சிறு பெட்டியைத் தேடி நிறம் மாற்றக்கூட வரிவரியாக எழுத வேண்டியிருந்தது. ஜோன் ரெசிக் 2006இல் வெளியிட்ட ஜேகுவெரி அந்த அலுப்பைப் போக்கியே வளர்ந்தது. அதன் தேடும் முறையைப் பின்னாளில் உலாவிகளே உள்வாங்கிக்கொண்டன. பேஸ்புக் 2013 மே மாதத்தில் வெளியிட்ட ரியாக்ட், மரத்தின் நிழல் நகலொன்றை வைத்து, பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் உண்மை மரத்தில் எழுதியது.

தமிழில் இதன் வரலாறு வேறு. கிளைகள் பற்றிய சண்டைக்குத் தரநிலைகள் விடை தந்தன. தமிழருக்குத் தொல்லை இருந்தது நுனியில், உரைக்கணுவில். உலகப் பொதுக் குறியாக்கமான யுனிகோட்டில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்திருந்தும், பக்கங்கள் வெகுகாலம் எழுத்துருவை நம்பியே ஓடின. இலங்கையில் பாமினி எழுத்துரு, வேறிடங்களில் தஸ்கி, தாப் குறியாக்கங்கள், அந்தந்த நாளிதழின் சொந்த எழுத்துரு. மரத்தில் உண்மையில் இருந்தவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். பக்கத்தோடு எழுத்துருவை அனுப்பும் ஏற்பாட்டிலும் அதே 1997ஆம் ஆண்டுப் போட்டியாளர்கள் வெவ்வேறு கோப்பு வகையைத் திணித்ததால், இரு உலாவியிலும் தமிழ் தெரிய இரண்டு கோப்பு வேண்டியிருந்தது.

இதற்கு டொம் வழியாகவே ஒரு மருந்து வந்தது. 'பத்மா' என்ற பயர்பொக்ஸ் நீட்சி, திறந்த பக்கத்தின் மரத்தில் ஏறி, உரைக்கணுக்களில் இருக்கும் பழைய குறியாக்கத்தை யுனிகோட் தமிழாக மாற்றி எழுதியது. தெலுங்கு முதலான மொழிகளுக்கும் அது உதவியது. தளத்துக்காரர் ஒன்றும் செய்யாமலே வாசகர் பக்கத்தைத் திருத்திக்கொண்டார் என்பதே இதன் அழகு. பத்மா போன்ற பழைய வகை நீட்சிகளை பயர்பொக்ஸ் 2017 நவம்பரில், 57ஆம் பதிப்போடு, கைவிட்டது. ஈழத்தவரான சுரதா யாழ்வாணனின் மாற்றிப் பக்கம் இன்னும் எளிய வழியில் போனது: ஒரு பெட்டியில் பாமினியை ஒட்டினால் இன்னொரு பெட்டியில் யுனிகோட். பாமினியில் 'லோ' எழுதக் கொம்பு முதலில், ல அடுத்து, கால் கடைசியில் வரும். யுனிகோட்டில் ல முதலில், ஓகாரக் குறி பின்னால். ஆகவே நிரல் மூன்று குறியும் சேர்ந்த 'லோ'வை முதலில் தேடி மாற்றியாக வேண்டும். கொம்பும் லவும் மட்டும் சேர்ந்த 'லே'வை முந்தி மாற்றினால் காலொன்று தனியே மிஞ்சிவிடும். இப்படிப்பட்ட வரிசை நுணுக்கமே மாற்றிகளின் உயிர்.

யுனிகோட்டுக்கு வந்த பிறகும் கணக்கு முழுதாகத் தீரவில்லை. டொம் உரையை 16 பிட் அலகுகளாக எண்ணுகிறது. 'பூண்டுலோயா' என்பதில் தமிழ் படித்த எவரும் ஐந்து எழுத்தைக் காண்பர்: பூ, ண், டு, லோ, யா. உரைக்கணுவின் நீளத்தைக் கேட்டால் வரும் விடை 10, ஏனெனில் மெய் ஓர் அலகு, உயிர்க்குறியோ புள்ளியோ இன்னோர் அலகு. ஓகாரக் குறியை ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்துச் சேமித்திருந்தால் விடை 11. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஒப்பிட்டால் வெவ்வேறு என்றே நிரல் சொல்லும். அதனால்தான் ஊர்ப் பெயரைத் தேடும் நிரல்கள் ஒப்பிடுமுன் உரையை இயல்பாக்க வேண்டியிருக்கிறது. அதற்கான கட்டளை 2015இல் ஜாவாஸ்கிரிப்டில் சேர்ந்தது. தலைப்பின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தனிக் கணுவில் போட்டு ஆடவைக்கும் அலங்கார நிரல்களில் உயிர்க்குறி மெய்யை விட்டுப் பிரிந்து புள்ளிவட்டத்தோடு நிற்பதற்கும் காரணம் இந்த எண்ணல் முறைதான். பார்வைக்கு ஓர் எழுத்தாக நிற்பதை ஒன்றாகவே பிரித்துத் தரும் கருவி குரோமில் 2020இலும் பயர்பொக்ஸில் 2024இலும் வந்தது. அதனிடம் கேட்டால் பூண்டுலோயாவுக்கு 5 என்கிறது.

டொம் தரநிலையை இன்று உலாவி நிறுவனங்களின் கூட்டமைப்பான வட்விஜி, பதிப்பு எண் இல்லாமல் தொடர்ந்து திருத்திவருகிறது. சேர்த்தியம் 2019 மே மாத உடன்படிக்கையில் இதற்கு இணங்கியது. திருத்தம் என்றாலும் பழையதை எளிதில் அழிப்பதில்லை. 'டொக்கியுமென்ட்.ஓல்' இன்னும் வட்விஜியின் தரநிலைகளில் இருக்கிறது. அது இருந்தும், 'இருக்கிறாயா' என்று நிரல் கேட்டால் இல்லை என்று பொய் சொல்லும்படி விதி எழுதியிருக்கிறார்கள். இருக்கிறேன் என்று சொன்னால், எக்ஸ்புளோரருக்கென எழுதிய பழைய வழியில் பக்கங்கள் போய் முறிந்துவிடும். உரைக்கணுவின் நீளம் 10 என்று வருவதும் இதே காரணத்தால் மாறப்போவதில்லை.