வள்ளைப் பாட்டும் ஜகன்மோகினியும்

பத்துப்பாட்டில் ஒரு பாட்டைத் தன்னுடையதென்று உரிமை கொண்டாடக்கூடிய ஊர்கள் தமிழகத்தில் மிகச் சில. செங்கம் அவற்றுள் ஒன்று. செங்கண்மாவில் இருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், 583 அடிகளில் இவ்வட்டாரத்து மலைவழிகளையும் சேயாற்றையும் காட்டுகிறது. மலையை யானையாகவும், அதில் எழும் பல்வகை ஓசைகளை அந்த யானையின் கடாமாகவும் கொண்டதால் பாட்டுக்கு இப்பெயர் வந்தது. அந்த ஓசைகளின் வரிசையில் பெண் குரல்களும் உண்டு. புலி பாய்ந்து புண்பட்ட கணவரின் வலி தணியக் கொடிச்சியர் பாடுகின்றனர். தினை குற்றும் மகளிர் உலக்கையின் வீச்சுக்கு இசைய வள்ளைப் பாட்டுப் பாடுகின்றனர். புலவர் இரண்டையும் கேட்டார். அருவியின் ஒலியைக் கேட்டது போலவே கேட்டார். அப்பெண்கள் என்ன சொற்களைப் பாடினர் என்பது பாட்டில் இல்லை.

நாவல் எழுதுவோர்க்கு இந்த இடம் ஒரு முள்ளாகவே தைக்கும். பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வள்ளைப் பாட்டுக்குச் சொற்கள் கிடைத்தன என்பது உண்மையே. ஆயினும் அச்சொற்கள் இளங்கோவின் சொற்கள். உலக்கை பிடித்தவளுடையவை அல்ல.

நம் மண்ணில் எழுத்துக்குப் பஞ்சமும் இருந்ததில்லை. இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலைப் புரட்டினால், ஆநிரை கவர்ந்தும் மீட்டும் பட்ட வீரர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் வரிசையாக நிற்கும். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லிலோ, தலைவனோடு நின்று கள்வரைக் கடித்த நாய்க்குக்கூடக் கோவிவன் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். அந்த நாயின் நன்றிக்கு அது தகும். குறை சொல்ல ஒன்றுமில்லை. கல் நினைவில் வைத்தது போர்க்களத்துச் சாவை. உரலடியில் கழிந்த வாழ்நாளுக்கு யாரும் கல் நடவில்லை.

ஔவையாரை மறந்துவிட்டுப் பேசுவதாக அன்பர்கள் எண்ண வேண்டாம். அதியமானின் தகடூர் நமக்கு அண்டை நாடு. சங்கத் தொகையில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் நிற்கின்றன. அவரோடு காக்கைபாடினியார், வெள்ளிவீதியார் என முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர் உண்டு. பின்னர் காரைக்காலம்மையாரும் ஆண்டாளும் பக்தி திறந்த வாயிலில் நுழைந்தனர். இவர்கள் பேறு பெற்ற சிலர். இல்லறத்தில் இருந்துகொண்டே, சமையற்கட்டின் பேச்சைக் கதையாக்கும் பெண்ணுக்குத் தமிழ் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

அதே 1901-இல் பிறந்தவர்தாம் வை.மு. கோதைநாயகி அம்மாள். ஐந்து வயது கடந்ததும் மணம் முடிந்தது. பள்ளி வாசலை மிதித்ததில்லை. திருவல்லிக்கேணி வீட்டில் குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் தொடங்கியது அவர் கலை. ‘இந்திர மோகனா’ என்னும் நாடகம் உள்ளத்தில் உருவானபோது, தங்குதடையின்றி எழுதும் பயிற்சி அவருக்கு இல்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1924-இல் அது அச்சேறியது. தமிழ்ப் புனைகதை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. தினை குற்றியவளின் பாட்டுக்கு வாய்க்காத ஒன்று, அதாவது சொல்வதைச் சொன்னபடியே வாங்கிக்கொள்ளும் இன்னொரு பெண்ணின் கை, இங்கே வாய்த்தது.

அடுத்த ஆண்டே அவர் ‘ஜகன்மோகினி’ இதழை விலைக்கு வாங்கினார். ‘வைதேகி’ அதில் தொடராக வந்தது. பெண் எழுத ஆண்டுக்கு 500 பவுன் வருவாயும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய நூல் வெளிவந்தது 1929-இல். அதற்கு நான்காண்டு முன்பே திருவல்லிக்கேணிப் பெண்மணி ஒருவர், அறையை விட்டுவிட்டு இதழையே சொந்தமாக்கிக்கொண்டார். அறைக்குள் எழுதியதை யாரிடம் கொண்டுபோய்ப் போடுவது என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. நாட்டு விடுதலைப் போரில் சிறை சென்றார், அங்கும் எழுதினார். 1960-இல் மறையும் முன் 115 நாவல்களைத் தந்திருந்தார்.

அவை இலக்கியமா என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. பல நாவல்களில் தற்செயல்கள் மலிந்திருக்கின்றன. அறிவுரை கதையை அமுக்கிவிடுகிறது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் உரையாடல் வரும் பக்கங்களில் நாம் கண்ணால் படிப்பதில்லை, காதால் கேட்கிறோம். வாயால் சொல்லிப் பழகியவரின் எழுத்து அது. எழுதிப் பழகிய நமக்கு அது எளிதில் வராது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’ (1936) இதற்கு நேர்மாறான காரணத்தால் வலிமை பெற்றது. தாம் உள்ளிருந்து கண்ட கொடுமையை ஒழிப்பதற்கே அவர் எழுதினார். அலங்காரத்துக்கு அங்கே நேரமில்லை.

காதால் கேட்கும் இந்தக் கலையைத் திட்டமிட்ட உழைப்பாக மாற்றியவர் ராஜம் கிருஷ்ணன். 1925-இல் முசிறியில் பிறந்தார். பதினைந்து வயதில் மணம். மின்பொறியாளரான கணவரின் பணி அவரை நீலகிரிக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே படகர் வீடுகளில் கேட்டவை ‘குறிஞ்சித் தேன்’ ஆயின. பின்பு தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்று தொழிலாளரோடு பழகிக் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக 1973-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்; தமிழில் அவ்விருது பெற்ற முதல் பெண் அவரே. பொதுவாக மறைந்தோர்க்கே கிட்டும் நாட்டுடைமைச் சிறப்பு, 2009-இல் அவர் வாழும்போதே அவர் நூல்களுக்குக் கிட்டியது. எனினும் கணவர் மறைந்தபின் அவரது முதுமை பொருளின்றி, பிறர் ஆதரவில் கழிந்தது. 2014-இல் காலமானார். எழுத்து வாழ்வைப் பற்றிப் பேசும்போது விருதை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது.

அரைவை ஆலைகள் வந்தபின் சவ்வாது மலையிலும் உலக்கையின் ஓசை அருகிவிட்டது. சாமை இடித்த கைகளுக்குச் சொந்தக்காரரான மூதாட்டியர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். நம் வட்டத்துக் கவிஞர்களிடம் நான் வேண்டுவது புதுக்கவிதையும் அன்று, மலைபடுகடாத்துக்கு மற்றுமோர் உரையும் அன்று. அடுத்த பத்தாண்டில் ஒரு பருவமேனும் ஏடும் எழுதுகோலுமாக மலையேறி, அம்மூதாட்டியர் சொல்லச் சொல்லப் பட்டம்மாளைப் போல எழுதிக்கொண்டு வாருங்கள்.