மரபணுத்தொகை ஆய்வும் திராவிடர் தோற்றம் பற்றிய வரலாற்று விவாதமும்

2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் முதல் வாரத்தில், இந்திய முற்கால மக்கள் வரலாறு பற்றிய இரு ஆய்வுக் கட்டுரைகள் ஏறத்தாழ ஒரே வேளையில் வெளிவந்தன. ஒன்று ‘செல்’ இதழிலும் மற்றொன்று ‘சயின்ஸ்’ இதழிலும் இடம்பெற்றன. இரண்டிலும் பங்குகொண்ட ஆய்வாளர் பலர் பொதுவானவர்கள். பயன்படுத்திய முறைகளும் ஒன்றே. எனினும், அவ்வாரத்து நாளேடுகளைப் புரட்டியவர்களுக்கு அவை ஒன்றையொன்று மறுப்பன போன்றே தோன்றியிருக்கும். ஆரியர் வருகைக் கொள்கை தகர்ந்தது என்று சில ஏடுகள் எழுதின. அக்கொள்கை உறுதிப்பட்டது என்று வேறு சில எழுதின. தமிழ் ஏடுகள் பலவற்றில் மூன்றாவது ஒரு முடிவும் காணப்பட்டது. சிந்துவெளி மக்கள் தமிழரே என்பதை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்பதே அது.

இம்மூன்றாவது முடிவு இன்று நம் வகுப்பறைகளிலும் பட்டிமன்ற மேடைகளிலும் மெய்ப்பிக்கப்பட்ட செய்தியாகவே வழங்கி வருகிறது. மரபணுத்தொகை ஆய்வு உண்மையில் எதனைக் கூறியது, எதனைக் கூற இயலாது என்பதை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலிலிருந்து மொழியைத் தேடும் முயற்சி புதிதன்று. 1816இல் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் எனச் சுட்டினார். 1856இல் கால்டுவெல் அதனை விரிவான ஒப்பிலக்கணமாக நிலைநாட்டினார். மொழிக்குடும்பத்திற்கு இடப்பட்ட ‘திராவிடம்’ என்னும் பெயர், சில பத்தாண்டுகளுக்குள் ஓர் உடலமைப்பின் பெயராகவும் மாறிற்று. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக விளங்கிய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து சாதிகளை வரிசைப்படுத்தலாம் என நம்பினார். ஆதிச்சநல்லூரில் கிடைத்த மண்டையோடுகளும் இவ்வளவுகோலுக்குத் தப்பவில்லை. அவற்றைப் பற்றிய சோலி சூக்கர்மனின் அளவீட்டு அறிக்கையைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1930இல் வெளியிட்டது. இனத்தையும் மொழியையும் ஒன்றாகக் குழப்புதல் பெரும் பிழை என்று மாக்ஸ் முல்லர் 1888இலேயே கடுமையாக எச்சரித்திருந்தும் பயன் விளையவில்லை.

அளவுகோலுக்குப் பின் குருதி வந்தது. முதல் உலகப்போரின்போது மாசிடோனியப் போர்முனையில் பணியாற்றிய லுட்விக் ஹிர்ஷ்பெல்டும் அவர்தம் துணைவியார் ஹன்காவும் பல நாட்டுப் படைவீரர்களின் குருதி வகைகளை ஆராய்ந்து 1919இல் வெளியிட்டனர். இந்திய வீரர்களிடையே ‘பி’ வகை மிகுந்திருப்பதைக் கண்டு, அவ்வகையின் பிறப்பிடம் இந்தியாவாகலாம் என அவர்கள் கருதினர். கருவி மாறியதே தவிர, உடற்கூறு ஒன்றைக் கொண்டு ஒரு மக்களின் தோற்றத்தைச் சொல்லிவிடலாம் என்னும் நம்பிக்கை மாறவில்லை எனலாம்.

தமிழரிடையே மரபணு என்னும் சொல் பரவலாக அறிமுகமானது மதுரை ஆய்வின் வழியாகவே. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் திரட்டிய மாதிரிகளில், உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த ஒருவரிடம் ‘எம்130’ என்னும் ஆண்வழி மரபணுக் குறியீடு கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை வழியாக ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற மிகப் பழைய மக்கள் பெயர்ச்சியோடு அக்குறியீட்டைத் தொடர்புபடுத்தி, ஸ்பென்சர் வெல்ஸ் 2002இல் வெளியிட்ட நூல் அதனை உலகறியச் செய்தது. உடனே அம்மனிதர் ‘முதல் இந்தியர்’ எனப் போற்றப்பட்டார்.

இங்கு ஓர் எளிய கணக்கு நினைவில் கொள்ளத்தக்கது. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஆண்வழிக் குறியீடு அவற்றுள் ஒரே ஒருவரைப் பற்றியது. எஞ்சிய 1,023 பேரைப் பற்றி அது யாதும் கூறாது. ஆகவே, அக்குறியீட்டைத் தாங்கியவர் தம் அண்டை வீட்டாரைவிட எவ்வகையிலும் பழமையானவர் அல்லர். அன்னாரின் தந்தைவழி ஒன்று மட்டும் நாம் பின்தொடரக்கூடிய ஒரு பழந்தடத்தைக் காத்து வைத்திருக்கிறது.

ஒரு வழியைவிட்டு முழு மரபணுத்தொகையையும் நோக்கும் ஆய்வு 2009இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஐதராபாத் உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும் ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் ரைக், நிக் பேட்டர்சன் முதலியோரும் இணைந்து 25 சமூகக் குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தனர். இந்தியாவின் பெரும்பாலான குழுக்கள் இரு பழைய மக்கள் கூட்டங்களின் கலப்பால் தோன்றியவை என்பது அவர்களின் முடிவு. அக்கூட்டங்களுக்கு ‘முற்கால வட இந்தியர்’, ‘முற்காலத் தென்னிந்தியர்’ எனப் பெயரிட்டனர்.

இப்பெயர்கள் பிறந்த கதை ஆய்வு முடிவைப் போன்றே கவனத்திற்குரியது. முதல் கூட்டத்தினர் ஐரோப்பா, மத்திய ஆசியா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளின் மக்களோடு நெருங்கியவர். அவர்களை மேற்கு யுரேசியர் என அழைக்கவே அமெரிக்க ஆய்வாளர்கள் எண்ணியிருந்தனர். 2008இல் ஐதராபாத்தில் நடந்த சந்திப்பில் இந்திய ஆய்வாளர்கள் இதனை ஏற்கவில்லை. பெருந்திரளான மக்கள் வெளியிலிருந்து இந்தியாவுக்குள் வந்தனர் என்னும் பொருள் அதில் தொனித்ததே காரணம். இறுதியில் இரு தரப்பும் உடன்பட்ட நடுநிலைச் சொற்களே மேற்கண்ட பெயர்கள். இதனை ரைக் 2018இல் வெளியான தம் நூலில் வெளிப்படையாகவே எழுதியுள்ளார். ஆனால், சமரசத்தில் பிறந்த இச்சொற்களைப் படித்த பொதுமக்கள், ‘வட’ என்ற இடத்தில் ஆரியர் என்றும் ‘தென்’ என்ற இடத்தில் திராவிடர் என்றும் தாமே நிரப்பிக்கொண்டனர். கால்டுவெல்லின் மொழிப்பெயர் உடற்பெயராகியது போலவே, இம்முறை உடற்பெயர் மொழிப்பெயராகியது.

உண்மையில் அந்த ஆய்வின் மிகப் பெரிய செய்தி கலப்பு என்பதே. ஆராயப்பட்ட இந்திய நிலப்பரப்புக் குழுக்களில், வடவர் கூறு ஏறத்தாழ 39 முதல் 71 விழுக்காடு வரை காணப்பட்டது. உயர்ந்தோர் எனப்படுவோரிடமும் தென்னகக் கூறு உண்டு. தாழ்த்தப்பட்டோர் எனப்படுவோரிடமும் வடவர் கூறு உண்டு. கலப்பற்ற தூய குழு எதுவும் இந்திய நிலப்பரப்பில் அகப்படவில்லை. தமிழரிடையே தூய்மை பேசுவோருக்கும் இது பொருந்தும்.

இக்கலப்பு எப்போது நிகழ்ந்தது என்ற வினாவை 2013இல் பிரியா மூர்ஜானியும் பிறரும் எடுத்துக்கொண்டனர். 73 குழுக்களை ஆராய்ந்த அவர்கள், இன்றைக்கு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் கலப்பு பரவலாக நிகழ்ந்ததென்றும், அதன்பின் அகமண வழக்கம் மேலோங்கிக் கலப்பு அருகியதென்றும் கண்டனர். ஒருவர் தம் மூதாதையரிடமிருந்து பெறும் மரபணுத் துண்டுகள் தலைமுறைதோறும் சிறுத்துக்கொண்டே வருவதால், அவற்றின் நீளத்தைக் கொண்டு கலப்பு நிகழ்ந்த காலத்தை மதிப்பிடலாம். இக்கணக்கில் ஒரு தலைமுறை 29 ஆண்டுகளாகக் கொள்ளப்பட்டது. 1,900 ஆண்டுகள் என்றவுடன் சங்க காலத்தையும் அற நூல்களையும் இணைத்துப் பார்க்கும் ஆவல் தமிழாசிரியர்க்கு எழுவது இயல்பே. ஆயினும், இவை பல தலைமுறைகளின் சராசரி மதிப்பீடுகள். மணத்தடை ஏன் தோன்றியது, எவர் விதித்தனர் என்பதற்கு மரபணுவில் சான்றில்லை. அதற்குக் கல்வெட்டும் இலக்கியமும் வேண்டும்.

அகமணத்தின் விளைவு பழங்கதையாகவும் முடிந்துவிடவில்லை. 2017இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு 260க்கு மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை நோக்கியது. அவற்றுள் 81 குழுக்கள், பரம்பரை நோய்களுக்காக உலக மருத்துவத்தில் நெடுங்காலம் ஆராயப்பட்டுவரும் பின்லாந்தியரையும் அஷ்கெனாசி யூதரையும்விடக் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து வந்தவை எனத் தெரிந்தது. ஆந்திர வைசியரிடையே, அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தத் தரப்படும் ஒரு மருந்தைச் சிதைக்கும் நொதி சிலருக்குக் குறைவாக இருப்பது மருத்துவர் நன்கறிந்த செய்தி. அத்தகையோருக்கு அம்மருந்தின் விளைவு நெடுநேரம் நீடித்து மூச்சுக்கே இடராகும். பல நூற்றாண்டு மணவழக்கம் அறுவைக்கூட மேசையில் வந்து நிற்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. இவ்வாய்வுத் துறை நம் மக்களுக்கு அளிக்கும் மெய்யான பயன் இதுவே என்பது என் கருத்து. மேடைகளில் இதனைப் பேசுவோரை நான் கண்டதில்லை.

இனி 2019ஆம் ஆண்டின் இரு கட்டுரைகளுக்கு வருவோம். அரியானா மாநிலத்து இராக்கிகடியில் அகழ்ந்தெடுத்த எலும்புகளில் 61 மாதிரிகளை வசந்த் சிண்டே தலைமையிலான குழுவினர் ஆராய்ந்தனர். வெப்பமும் ஈரமும் மரபணுவைச் சிதைத்துவிடுவதால், ஆய்வுக்குப் போதிய அளவு ஒன்றில் மட்டுமே கிடைத்தது. அந்த ஒன்றையும் நூறு முறைக்கு மேல் படித்தே ஓரளவு வாசிக்க முடிந்தது. சிந்துவெளி நாகரிகத்தின் நகரக் காலத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் எலும்பு அது. ஈரானியப் பழங்குடியினரோடு தொடர்புடைய ஒரு கூறும், தென்கிழக்காசிய வேட்டைச் சமூகங்களோடும் அந்தமானியரோடும் தொலைவான உறவுடைய மற்றொரு கூறும் அப்பெண்ணிடம் இருந்தன. மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் கூறு இல்லை. மேலும், அந்த ஈரானியக் கூறு, ஈரானில் வேளாண்மை தோன்றுவதற்கு முன்பே, 12,000 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரிந்தது எனவும் கணிக்கப்பட்டது.

வாகீஷ் நரசிம்மனும் பிறரும் எழுதிய மற்றொரு கட்டுரை, மத்திய ஆசியாவும் வட தெற்காசியாவும் சார்ந்த 523 பழங்கால மனிதரின் மரபணுக்களை ஆராய்ந்தது. புல்வெளி மக்களின் கூறு கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் தெற்காசியாவை வந்தடைந்ததாக அது காட்டிற்று. இரு கட்டுரைகளும் முரண்படவில்லை என்பது இதனால் விளங்கும். இராக்கிகடிப் பெண் வாழ்ந்த காலம் அதற்கு முற்பட்டது. முன்னதில் இல்லாத கூறு பின்னதில் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. ‘வெளியிலிருந்து எவரும் வரவில்லை’ என்ற செய்தியாளர் கூட்டப் பேச்சும், அதற்கு எதிரான தலைப்புகளும் கட்டுரைகளைப் படிக்காமலே எழுந்தவை என எண்ண இடமுண்டு. 2025இல் ‘செல்’ இதழில் வெளியான, 2,700க்கு மேற்பட்ட இந்தியரின் முழு மரபணுத்தொகையை ஆராய்ந்த கட்டுரை, ஈரானியக் கூற்றின் மூலத்தை இன்றைய தஜிகிஸ்தானின் சராஸ்ம் பகுதியோடு நெருக்கிப் பார்க்கிறது. பாடநூலில் இறுதி முடிவாக எழுதும் நிலையை இத்துறை இன்னும் எட்டவில்லை.

அப்படியாயின் தமிழர் எங்கே வருகின்றனர்? நரசிம்மன் முதலியோரின் கணிப்பின்படி, சிந்துவெளி வீழ்ச்சிக்குப்பின் தெற்கும் கிழக்கும் நகர்ந்த மக்கள், அங்கிருந்த பழங்குடியினரோடு கலந்து ‘முற்காலத் தென்னிந்தியர்’ உருவாயினர். இக்கூறு திராவிட மொழி பேசுவோரிடம் மிகுந்திருப்பதால், அவர்கள் தொடக்கத் திராவிட மொழியொன்றைப் பேசியிருத்தல் கூடும் என அவர்கள் கருதுகின்றனர். ஆனால், மூலத் திராவிட மொழி எவர் வழி வந்தது என்பதற்கு அவர்களே இரண்டு வழிகளைத் திறந்து வைத்தனர். சிந்துவெளியிலிருந்து வந்த பாதியின் மொழியாக அது இருக்கலாம். தீபகற்பத்தில் ஏற்கெனவே வாழ்ந்த மறுபாதியின் மொழியாகவும் இருக்கலாம். மூலத் திராவிடத்தில் மீட்டமைக்கப்படும் தாவர, விலங்குப் பெயர்களுள் தென்னிந்தியாவுக்கே உரியன காணப்படுவது இரண்டாம் வழிக்குத் துணை நிற்கிறது. நம் ஏடுகள் முதல் வழியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை மொழிபெயர்க்காமல் விட்டன.

மொழியும் மரபணுவும் ஒருசேரச் செல்ல வேண்டியதில்லை என்பதற்குத் திராவிடக் குடும்பத்திலேயே சான்றுண்டு. பலூசிஸ்தானில் பிராகுயி பேசுவோர் மரபணு நிலையில் தம்மைச் சூழ்ந்த பலூச்சியரை ஒத்தவர்; தென்னிந்தியரை ஒத்தவர் அல்லர். ஐரோப்பாவில் அங்கேரியரின் மொழி அண்டை மொழிகளினின்று முற்றிலும் வேறு. அவர்தம் மரபணுவோ பெரிதும் அண்டை மக்களினதே. ஒரு மக்கள் தம் மொழியை மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று தலைமுறைகள் போதும் என்பதை இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களைக் காணும் ஆசிரியருக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் வட்டாரத்து ஆய்வுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. 2019இல் வெளிவந்த சிங்கப்பூர் மரபணுத்தொகை ஆய்வு 4,810 பேரை உள்ளடக்கியது. அவர்களுள் 1,127 பேர் இந்தியர். இந்த ‘இந்தியர்’ என்பது அந்நாட்டு நிருவாக வழக்கில் சீனர், மலாய்க்காரர் என்பவற்றோடு நிற்கும் பிரிவின் பெயர். தமிழர், மலையாளி, பஞ்சாபியர், குஜராத்தியர் எனப் பல மொழியினர் அதனுள் அடங்குவர். மருத்துவ ஆய்வுக்கு அப்பிரிவு பயன்படலாம். தமிழர் வரலாற்றுக்கு அதனை அப்படியே சான்றாக எடுத்தாளுதல் ஒல்லாது.

இராக்கிகடிப் பெண்ணின் மொழி எதுவென அவ்வெலும்பு ஒருபோதும் கூறப்போவதில்லை. மேற்கூறிய இரு வழிகளில் எது பொருந்தும் என்பதைச் சொல்லாராய்ச்சியும் தொல்தாவரவியலுமே கூற வேண்டும். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பு அகராதி அதற்கான அடிப்படைக் கருவி. கர்நாடக, ஆந்திரப் பகுதிகளின் புதிய கற்காலக் குடியிருப்புகளில் பாசிப்பயறும் கொள்ளும் சிறுதானியங்களும் கிடைத்துள்ளன. டோரியன் புல்லரும் பிராங்க்ளின் சவுத்வர்த்தும் அப்பயிர்ப் பெயர்களைத் திராவிடச் சொற்களோடு ஒப்பிடத் தொடங்கினர். வட்டார வழக்குகளிலும் பழங்குடி மொழிகளிலும் எஞ்சியிருக்கும் பயிர்ப்பெயர்களைத் திரட்டி அவ்வொப்பீட்டை விரிவாக்கும் பணி, ஆய்வுக்கூடம் இல்லாத தமிழ்த்துறைகளாலும் செய்யக்கூடியது. அதற்கு முன்வரும் முதுகலை மாணவர் இதுவரை மிகச் சிலரே.