பருவத்தின் குற்றமா, பட்டறையின் குறையா? பித்தளைத் தோட்டா உறையின் வெடிப்பு குறித்து

பிரிட்டிஷ் இந்தியப் படையின் கிடங்குகளில் மழைக்காலத்தில் ஒரு விந்தையான சேதம் நேர்ந்தது. யாரும் சுடாமலே பித்தளைத் தோட்டா உறைகள் வெடித்துக் கிடந்தன. ‘பருவ வெடிப்பு’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. பழியைப் பருவத்தின் மேல் போடும் அந்தப் பெயர் பாதி உண்மையையே சொல்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைத் தெளிவாக்கியது. குதிரை லாயங்களின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றோடு கலந்து உறைகளின் மேல் படிகிறது. உலோகத்தின் படிகமணி எல்லைகளை அரித்து உள்ளே இறங்குகிறது. ஆனால் அம்மோனியா மட்டும் பித்தளையைப் பிளந்துவிடாது. உறைக்குள் ஏற்கெனவே இழுவிசை தங்கியிருக்க வேண்டும்.

அந்த இழுவிசை பட்டறையில் பிறப்பது. 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த தகட்டைக் கிண்ணமாக்கி, அச்சுகளின் வழியே பலமுறை இழுத்து, வாயைக் குறுக்கி உறை செய்கிறார்கள். குளிர்நிலையில் நடக்கும் ஒவ்வோர் இழுப்பும் உலோகத்தை இறுக்குகிறது. அந்த இறுக்கத்தின் ஒரு பங்கு எஞ்சிய தகைவாக உள்ளேயே நின்றுவிடுகிறது. உறையை ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை காய்ச்சினாலே அத்தகைவு பெருமளவு தணியும். மேலும் காய்ச்சினால் புதிய படிகமணிகள் உருவாகி உலோகம் இளகும். படைத் தோட்டாவின் கழுத்தில் நீலமும் ஊதாவும் கலந்து தெரியும் நிறம் அழுக்கன்று, காய்ச்சியதற்கான அடையாளம். அடிப்பகுதியை மட்டும் இளக விடக்கூடாது. சுடும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குவது அதன் கடினமே.

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மழுங்கிய எஃகு உளியை உலையில் சிவக்கக் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, நுனியை நீரில் தோய்த்தால் அது கடினமாகும். பித்தளையைக் காய்ச்சி நீரில் தோய்த்தாலும் அது இளகியே இருக்கும். எஃகின் பாடத்தைப் பித்தளைக்குப் பொருத்துவது பிழை.

கடற்கரை உப்புக்காற்றுதான் காரணம் என்று ஒருவர் மறுக்கலாம். உப்பு பித்தளையைப் பச்சை பிடிக்கச் செய்யும். ஆனால் இந்த வெடிப்பின் முதன்மைக் காரணி அம்மோனியா. கரையோரக் குளோரைடு அச்சுறுத்துவது துருப்பிடிக்காத எஃகை. கல்பாக்கம் போன்ற கடலோர அணு நிலையங்களில் அந்த எஃகின் பற்றவைப்புகளில் எஞ்சும் தகைவைப் பொறியாளர்கள் கவனிக்க வேண்டியிருப்பது இதனால்தான். உலோகமும் அரிப்பானும் வேறு. தகைவு மட்டும் இரண்டுக்கும் பொது.

இலக்குச் சுடுதலில் ஓர் உறையை மீண்டும் மீண்டும் நிரப்புவோர் உலகெங்கும் உண்டு. சுடும்போது கழுத்து விரிகிறது. அளவுக்குக் கொண்டுவரும்போது சுருங்குகிறது. இவ்வாறு இறுகும் கழுத்தை அவ்வப்போது காய்ச்சாவிட்டால் அது பிளந்துவிடும். அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மத்தை அதில் தேய்ப்பது பழைய லாயத்துக்கே அதைத் திருப்பி அனுப்புவதாகும்.

ஆகவே ‘பருவ வெடிப்பு’ என்ற சொல்லை நம் பாடநூல்கள் கைவிட்டு, ‘தகைவு அரிப்பு வெடிப்பு’ என்றே வழங்க வேண்டும். மழையை நம்மால் நிறுத்த முடியாது; உலோகத்தின் உள்ளே நின்ற இறுக்கத்தை நெருப்பால் தணிக்க முடியும்.