தேர்வுக் கூடத்திற்கு வரும் வழி



தேர்வுக் கூடத்தில் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். ஒரே கால அளவு. விடைத்தாளைத் திருத்துவோர் கண்ணுக்குப் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. ஆதலின் தேர்வைப் போன்ற நடுநிலையான நீதிபதி வேறில்லை என்று பலரும் கருதுகின்றனர். அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே. மணி அடித்த பின் எல்லாரும் சமம். மணி அடிக்கும் முன்னர், அக்கூடத்தை வந்தடைய ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் நடந்தனர் என்பதை வினாத்தாள் கேட்பதில்லை. நம் மாநிலத்தில் கல்லூரிக் கதவு, சிறப்பாக மருத்துவக் கல்லூரிக் கதவு, யார் யாருக்கு எவ்வாறு திறந்தது என்னும் வரலாற்றை நோக்கினால், இந்தக் கேள்வியே தலைமுறைதோறும் வெவ்வேறு உருவில் எழுந்து வந்திருப்பதைக் காணலாம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டில் தோன்றியது. அதில் பயில விரும்பியவர் முதலில் மெட்ரிக்குலேஷன் என்னும் பரீட்சையில் தேறவேண்டும். பிறப்பும் செல்வாக்குமே மனிதனின் நிலையை வகுத்துவந்த நாட்டில், எழுதிய விடைக்கே மதிப்பு என்பது புதுமையான முறைதான். எனினும் அப்பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகளோ சிலவே. அவையும் பெரும்பாலும் நகரங்களில் இருந்தன. திண்ணைப் பள்ளியில் ஏடும் எழுத்தாணியும் கொண்டு கற்ற சிறுவனுக்கும், பள்ளி வாசலையே மிதிக்கவிடாது விலக்கப்பட்ட குடியில் பிறந்த சிறுவனுக்கும் அப்பரீட்சையின் நடுநிலையால் விளைந்த பயன் யாதுமில்லை.

பரீட்சையில் தேறியும் கதவு திறவாத நிலையும் உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிக்குலேஷன் தேறினார். அவ்வூர் மகாராஜா கல்லூரியிலோ அதுவரை ஆண்களே பயின்று வந்தனர். ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது இடமளித்தார். பின்னர் அப்பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்று, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடு போற்றும் நிலையை அடைந்தார். அவருடைய தகுதியைப் பரீட்சை முன்னமே மெய்ப்பித்துவிட்டது. இடம் கிடைப்பதற்கோ ஓர் அரசரின் துணிவு தேவைப்பட்டது. அரசர் துணை வாய்க்காத பெண்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

நாடு விடுதலை பெற்ற காலத்துக்கு வருவோம். 1950ஆம் ஆண்டளவில் சென்னை மாநில அரசின் மருத்துவக் கல்லூரிகள் நான்கு. அவற்றில் இருந்த இடங்கள் 330. வகுப்புவாரி ஆணையின்படி, ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டது. கல்வியில் நெடுங்காலம் முன்னேறியிருந்தவர்களே எல்லா இடங்களையும் பெற்றுவிடாதபடி எழுந்த ஏற்பாடு அது. ஆயினும் மிகுந்த மதிப்பெண் பெற்றும் பிறப்பின் காரணமாக இடம் மறுக்கப்படுவது முறையா என்ற வழக்கு நீதிமன்றம் ஏறியது. செண்பகம் துரைராசன் வழக்கு என்று வழங்கும் அதில், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்வாணை அரசியல் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் பெருங் கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, சமுதாயத்திலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே திருத்தவேண்டுமாறு செய்த கேள்விகளுள் ஒன்று, கல்லூரியில் யாருக்கு இடம் என்பதே. இதனை மாணவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

சாதியை அடுத்து ஊர் வந்தது. சென்னை நகரத்து மாணவனுக்கு நல்ல பள்ளியும் நூலகமும் அருகிலேயே உண்டு. வறண்ட மாவட்டத்துச் சிற்றூர் மாணவனுக்கு அவை இல்லை. ஆகவே மருத்துவக் கல்லூரி இடங்களை மக்கள் தொகைக்கு ஏற்ப மாவட்டந்தோறும் பங்கிட்டது அரசு. 1968இல், ராஜேந்திரன் என்னும் மாணவர் பெயரால் அமைந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் இதனைச் செல்லாதென்றது. ஒரு மாவட்டத்தில் தகுதி மிக்கவன் விலக்கப்பட, மற்றொரு மாவட்டத்தில் அவனினும் குறைந்தவன் சேர்க்கப்படலாம். அது சமத்துவமாகாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. அரசு சுட்டிய ஏற்றத்தாழ்வு கற்பனையன்று. நீதிமன்றம் சுட்டிய அநீதியும் கற்பனையன்று. இவ்விரண்டுக்கும் இடையில் வழி காண்பதுதான் இன்றும் நம்மை வருத்தும் வேலை.

அந்நாளில் நேர்முகத் தேர்வும் இருந்தது. அதற்கு 75 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பிற பணிகள், உடல் வலிமை, பொதுத் திறமை, மனப்பாங்கு என்பன அதில் கருதப்பட்டன. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் விளையாட்டுத் திடலே இல்லாத பள்ளியில் பயின்றவன் எதைக் காட்டுவான்? பெரியோர்முன் தயங்காது பேசும் பழக்கம் வீட்டிலேயே வாய்த்தவனுக்கும், அதிகாரியைக் கண்டு ஒதுங்கி நின்று பழகிய குடும்பத்துப் பிள்ளைக்கும் அந்தச் சில நிமிடங்கள் ஒன்றாகுமா? பெரியகருப்பன் வழக்கில், 1970இல், உச்ச நீதிமன்றம் அந்நேர்முகத் தேர்வு நடத்தப்பட்ட முறையில் குறை கண்டது.

1984இல் தொழிற்கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு புகுத்தப்பட்டது. பள்ளியிறுதி மதிப்பெண்ணோடு இதன் மதிப்பெண்ணும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. எழுதும் தேர்வில் சிபாரிசுக்கு இடமில்லை என்பது இதன் நன்மை. ஆனால் சில ஆண்டுகளுக்குள் நகரங்களில் பயிற்சி நிலையங்கள் பெருகின. நான் ஆசிரியனாக இருந்த சிற்றூர்ப் பள்ளியில் கணக்கில் முதல் மாணவனாகத் திகழ்ந்த ஒருவனிடம், "விண்ணப்பம் வாங்கினாயா?" என்று கேட்டேன். "நகரத்துக்குப் போய்வர அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும் ஐயா, அறுப்பு முடிந்ததும் போகலாம் என்றார்" என்றான். அறுப்பு முடிவதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. அதனை முன்னரே விசாரித்திருக்க வேண்டியவன் நான். அந்த ஆண்டு விசாரிக்கத் தவறினேன். அத்தவற்றை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

கல்வியாளர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, சட்டத்தின் வாயிலாக அந்நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கியது. பள்ளியிறுதி மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. பின்னர் நாடு முழுமைக்கும் பொதுவான நீட் தேர்வு வந்தது. முதலில் 2013இல் நடைபெற்றது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிச் சேர்க்கைக்கு 2017இல் நடைமுறையானது. தனியார் கல்லூரிகள் தத்தம் விருப்பப்படி தேர்வு நடத்தி, பொருள் பெற்று இடம் அளித்து வந்த நிலையை ஒரு பொதுத் தேர்வு மாற்றும் என்பது அதனை ஆதரிப்போர் கூற்று, அதனைத் தள்ளிவிடுவதற்கில்லை. மறுபுறம், 2021இல் நீதிபதி ஏ. கே. ராஜன் குழு அளித்த அறிக்கை ஒன்றைச் சுட்டியது. சேர்ந்தவர்களுள், பள்ளி முடித்தபின் மீண்டும் ஓர் ஆண்டோ அதற்கு மேலோ பயின்று எழுதியவர்களின் பங்கு, நீட் வருமுன் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்தது. 2020-21இல் 71 விழுக்காடாயிற்று என்பதே அது. இதன் பொருளைச் சிந்தியுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையை, ஓராண்டு முழுவதும் சம்பாதிக்கச் சொல்லாமல் வீட்டில் வைத்துச் சோறிட்டு, பயிற்சிக் கட்டணமும் செலுத்தக்கூடிய குடும்பம் எது? இங்கே காலமே ஒரு செல்வமாகிவிடுகிறது.

2020இல் தமிழ்நாட்டு அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றவர்க்கு 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்வாண்டே மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலுமாக 400க்கு மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்கள் இடம் பெற்றனர். தேர்வும் இருந்தது, நடந்துவந்த தூரமும் கணக்கில் கொள்ளப்பட்டது. சட்டத்தின் இந்தச் சிறு பிரிவு, 1968இல் விடை காணாது நின்ற கேள்விக்கு ஒரு பகுதி விடையென்றே எனக்குத் தோன்றுகிறது. முழு விடை, சிற்றூர்ப் பள்ளியும் நகரப் பள்ளியும் கற்பித்தலில் ஒத்து நிற்கும் நாளில்தான் கிட்டும்.

தேர்வே வேண்டாம் என்பது என் கருத்தன்று. இடம் குறைவாகவும் வேண்டுவோர் மிகுதியாகவும் உள்ளவரையில் ஓர் அளவுகோல் வேண்டும். இல்லையேல் சிபாரிசுக் கடிதம் அரசாளும். ஆனால் அளவுகோலையும் அவ்வப்போது அளந்து பார்க்கவேண்டும். நாளை உங்களுள் சிலர் மருத்துவராவீர், சிலர் சட்டம் செய்வீர், சிலர் என்னைப்போல் ஆசிரியராவீர். அன்று உங்கள் கைக்கு ஒரு மதிப்பெண் பட்டியல் வரும்போது, அதில் உள்ள பெயர்களைப் படித்துவிட்டு, அதில் வராத பெயர்கள் யாவை, அவை ஏன் வரவில்லை என்றும் ஒருமுறை விசாரியுங்கள். கடைசி நாள் கடந்துபோகும் முன்னர் விசாரியுங்கள்.